உஷார்! ஐந்து வருடம் இருந்துவிட்டால் போதுமென்று நினைக்காதீர்கள்

ஐரோப்பிய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பக்கத்து நாட்டில் படிக்கவோ வேலைக்கோ போயிருக்கும் பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். "ஐந்து வருடம் ஓட்டிவிடு, நிரந்தர வதிவிட உரிமை தானாக வந்துவிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஆளையே கவிழ்த்துவிடும்.

சும்மா குடியிருந்த வருடங்கள் கணக்கில் சேராது!

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதல் மூன்று மாதம் போனபின் நீங்கள் வேலை பார்த்திருக்க வேண்டும், சொந்தத் தொழில் செய்திருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும், அல்லது கைப்பணத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வகையினருக்கு முழு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். இங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்த ஈழத்துப் பெண் ஒருத்தி, 2011-இல் லண்டனுக்குப் படிக்கப் போனாள். காய்ச்சல் வந்தால் அரசு டாக்டர், காசும் வாங்கவில்லை. பிறகு காப்பீடு எதற்கு என்று விட்டுவிட்டாள். படிப்பு முடிந்து நல்ல வேலையும் கிடைத்தது. பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்ததும் பதறிப்போய், நிரந்தர வதிவிட உரிமைக்கான 85 பக்கப் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். நிராகரித்துவிட்டார்கள். படித்த மூன்று வருடமும் பூஜ்யம்! இதைவிடக் கொடுமை, 2016 கடைசியில் அவளுக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தது. கணவருக்கும் அங்கே நிரந்தர உரிமை இல்லை. அதனால் லண்டனில் பிறந்தும் அந்தக் குழந்தைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை தானாக வரவில்லை.

இலவச அரசு மருத்துவத்தில் சேர்ந்திருந்தாலே காப்பீடு இருந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 2022 மார்ச்சில். அதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டே போய்விட்டது! அங்கே இப்போது விதிகள் வேறு. ஆனால் ஒன்றியத்தின் 27 நாடுகளுக்குள் இடம் மாறுகிறவர்களுக்கு அந்த 2004 சட்டம்தான். அதனால் கேளுங்கள்.

பர்ஸில் இருக்கும் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். காலாவதித் தேதி தாண்டிவிட்டதா? தாண்டாவிட்டாலும் நிம்மதி வேண்டாம். ஜெர்மனியில் அப்பாவின் காப்பீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குப் பொதுவாக 25 வயதோடு அது முடிந்துவிடும். அட்டை கையில் இருக்கும், அதன் பின்னால் காப்பீடு இருக்காது!

சம்பளத்தைக் கையில் காசாக வாங்குகிறீர்களா? நம்மவர் கடை, நம்மவர் சமையலறை, அண்ணன் ஏமாற்றமாட்டார் என்பதெல்லாம் சரி. நாளைக்கு அதிகாரி கேட்டால் எதை நீட்டுவீர்கள்? சம்பளச் சீட்டு இல்லாத மாதத்தை நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். முறையான பகுதிநேர வேலை என்றால் நல்லதுதான். நெதர்லாந்தில் வாரம் 12 இசை வகுப்பு எடுத்த கெம்ப் என்ற ஜெர்மானியரையும் தொழிலாளர் என்றே 1986-இல் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பெயருக்குச் செய்யும் ஓரிரு மணி நேர வேலையை நம்பாதீர்கள்.

வேலை போய்விட்டதா? வீட்டில் உட்கார்ந்து அழாதீர்கள். உடனே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள். பதிந்தால்தான் தொழிலாளர் என்ற தகுதி நிற்கும். ஒரு வருடத்துக்கும் குறைவாக வேலை பார்த்திருந்தால், அதுவும் ஆறு மாதத்துக்குத்தான் உறுதி. கோபத்தில் நீங்களே ராஜினாமா செய்தால் அந்தப் பாதுகாப்பை நம்பவே முடியாது.

ஊருக்குப் போவதிலும் எச்சரிக்கை. ஒரு வருடத்தில் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற காரணங்களுக்கு ஒரே ஒருமுறை, தொடர்ந்து 12 மாதம்வரை விலக்கு உண்டு. மருத்துவமனைச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உரிமை கிடைத்தபின்னும் அசந்துவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு வருடத்துக்குமேல் அந்த நாட்டை விட்டு வெளியே இருந்தால் அது பறிபோகும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வருகிறவர்கள், கிளம்பிய தேதியை எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள்.