செல்போன் பாட்டு பெரிய ஸ்பீக்கரில் ஏன் முனகுகிறது?

செல்போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்து, பழைய ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டிப் பாருங்கள். பாட்டு கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும். போன் தருவது மில்லிவாட் கணக்கில்தான். பெரிய காகிதக் கூம்பைத் தள்ள அது போதாது.

அதற்குத்தான் ஆம்ப்ளிஃபையர். அது அந்தச் சத்தத்தை ஊதிப் பெருக்குகிறதா? இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திருகுவது ஒரு கை. பாய்வது ஏரித் தண்ணீர். இங்கே போனின் சிக்னல்தான் கை. டிரான்ஸ்ஃபார்மர் நிரப்பும் பெரிய கெப்பாசிட்டர்தான் ஏரி. மதகு, டிடிஏ2030 என்ற ஐந்து கால் ஐசி. கை ஆடும் தாளத்திலேயே மின்சாரம் ஸ்பீக்கருக்குப் பாயும். ஸ்டீரியோ வேண்டுமா? இரண்டு மதகு.

இந்த ஆம்ப்ளிஃபையரைப் பழைய சாமான்களின் பாகங்களிலிருந்தே செய்யலாம். ஆனால் போன் போர்டு நமக்கு உதவாது. அதன் பாகங்கள் கடுகளவு! உடைந்த டேப் ரெக்கார்டரும் டிவிடி பிளேயரும்தான் புதையல். 12-0-12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, ஐசியின் சூட்டைத் தணிக்கப் பழைய கம்ப்யூட்டரின் அலுமினிய ஹீட்சிங்க் எல்லாம் இப்படித் தேறும். மீதிக்கு சென்னை ரிச்சி தெரு இருக்கிறது.

கெப்பாசிட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தலை உப்பியிருந்தால் தூக்கிப் போடுங்கள். ஏரி வற்றினால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்கும்.

ஐசியின் உலோக முதுகில் மைனஸ் மின்சாரம் இருக்கும். ஹீட்சிங்கில் முடுக்கும்முன் நடுவே மைக்கா தகடு வையுங்கள்.