பத்து நிமிடத் தீ

பத்தே நிமிடங்களில் அணைந்துபோன தீயொன்று, கடல் கடந்த இரு பெரும் நிறுவனங்களின் நிலையை மாற்றி அமைத்தது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

2000-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கி நகரிலிருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில் மின்னல் விளைவாகத் தீப்பற்றியது. கைப்பேசிகளுக்கான மின்னணுச் சில்லுகளைச் செய்யும் ஆலை அது. சிறு தூசியும் நுழையலாகாத அதன் அறைகளைப் புகையும் நீரும் பாழாக்கின. அங்கு உருவான சில்லுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு பின்லாந்தின் நோக்கியாவுக்கும் சுவீடனின் எரிக்சனுக்குமே சென்று கொண்டிருந்தது.

மார்ச் 20 அன்று இரு நிறுவனங்களுக்கும் ஒரே செய்தி எட்டியது: ஒரு வாரம் தாமதமாகும். செய்தி ஒன்றே, அதைக் கேட்ட செவிகள்தாம் வேறு.

நோக்கியாவில் அச்செய்தி உடனே மேலிடத்துக்குச் சென்றது. தீய செய்தியைக் கொண்டு வருபவனைக் கடிந்துகொள்ளும் வழக்கம் அங்கில்லை. (நம்மிடையே எத்தனை அலுவலகங்களைப் பற்றி இவ்வாறு கூற இயலும்?) நாள்தோறும் ஆலையை விசாரித்தனர். தாமதம் வாரக் கணக்கில் நீளும் என்றறிந்ததும் பெர்ட்டி கோர்ஹோனென் என்பவர் தலைமையில் குழுவொன்று இரவு பகலாய் உழைத்தது. பிலிப்சின் பிற ஆலைகளில் இடம் கேட்டுப் பெற்றனர். ஜப்பானிலும் அமெரிக்காவிலுமுள்ள பிற உற்பத்தியாளர்களை நாடினர். சில சில்லுகளின் அமைப்பையே மாற்றி வரைந்தனர்.

எரிக்சனிலோ, கைப்பேசிப் பிரிவின் தலைவருக்கே ஏப்ரல் தொடக்கத்தில்தான் நிலைமையின் தீவிரம் புலப்பட்டது. அதற்குள் மாற்றிடங்களை நோக்கியா பிடித்துவிட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு, முக்கியமான சில சில்லுகளுக்கு அந்நிறுவனம் அந்த ஓர் ஆலையையே நம்பியிருந்தது. ஏறத்தாழ 40 கோடி டாலர் மதிப்புள்ள விற்பனை கைநழுவிற்று. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 2001-இல் அது கைப்பேசித் தொழிலைச் சோனி நிறுவனத்தோடு இணைத்துக்கொண்டது.

இரண்டாவது உற்பத்தியாளரை வைத்திருப்பதற்கும், கிடங்கில் கூடுதல் இருப்பு வைப்பதற்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். இன்னல் நேராத ஆண்டுகளில் அது வீண் செலவாகவே கணக்கரின் கண்ணுக்குத் தோன்றும். எனவே சிக்கனம் என்னும் பெயரில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. காப்பீடு இருக்கிறதே எனலாம். காப்பீடு இழந்த வருவாயின் ஒரு பகுதியைத் தரும். வேறு கடைக்குப் போன வாடிக்கையாளரை அது அழைத்து வராது. வேலையிழந்த தொழிலாளியின் வீட்டு அடுப்பும் அதனால் எரியாது.

பட்டறிந்த எரிக்சன் பின்னர் கணக்கிடும் முறையையே மாற்றிற்று. ஒவ்வொரு பாகத்துக்கும், அது கிடைக்காவிடில் மீள எத்தனை மாதங்களாகும், அத்தனை மாதமும் எவ்வளவு ஆதாயம் போகும், சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் ஆட்களுக்கும் என்ன செலவாகும் என்று தொகை குறித்தனர். ஒன்பது மாத நிறுத்தத்தின் விலை ஒரு புறம். மாற்று ஆலையை ஆயத்தமாக வைத்திருக்கும் செலவு மறுபுறம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிய பிறகே, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவிடுவதென முடிவு செய்தனர். மலிவான சிறு பாகமொன்று அப்பட்டியலின் தலைப்பில் வந்து நின்றாலும் வியப்பதற்கில்லை.