உவரி மணலும் விண்ணின் துகளும்

உவரிக் கடற்கரையில் அலை பின்வாங்கிய ஈர மணலைக் குனிந்து பார்த்தால் மூன்று நிறங்கள் தெரியும். வெளிறியது குவார்ட்ஸ், கருஞ்சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் போனால் சிவப்பும் கறுப்பும் பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கும். குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம். கார்னெட் ஏறத்தாழ 4 மடங்கு, இல்மனைட் 4.7 மடங்கு. இலேசானதை அலை அள்ளிக்கொண்டு போகிறது, கனமானது கரையிலேயே தங்கிவிடுகிறது. சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ஓலைப்பெட்டியில் கடல்மண் சுமப்பவர்களின் தலையில் ஏறுவதும் இந்தக் கலவைதான்.

அந்தக் கறுப்பு மணலில் காந்தத்தை விட்டுத் துழாவினால் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அதை விண்கல் தூள் என்று நம்பிவிடுகிறவர்கள் உண்டு. ஒட்டியதில் ஏறக்குறைய எல்லாமே நம் மலைச்சரக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சார்னோக்கைட்டும் கார்னெட் நைஸும் உதிர்ந்து, நம்பியாறு, கருமேனியாறு, தாமிரபரணி வழியாகக் கடலுக்கு வந்து, கடல் திருப்பிக் கரையில் போட்டவை. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா எல்லாம் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் அவை.

55 கோடி ஆண்டு என்றாலே மலைப்பாக இருக்கிறது. ஆனால் பூமியின் வயது 450 கோடி ஆண்டுக்கு மேல். அந்தத் தொடக்க காலத்துப் பொருள் மாறாமல் எங்கே கிடைக்கும்? பூமியில் கிடைக்காது. இங்கே எந்தப் பாறையும் சும்மா விடப்படுவதில்லை. உருகுகிறது, மடிகிறது, மழையில் கரைகிறது, மறுபடி பாறையாகிறது. மாறாத பொருள் வேண்டுமென்றால் அது மேலிருந்து விழ வேண்டும்.

உவரியிலிருந்து வடகிழக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், இன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் பெருநாழிப் பக்கம், 1857 பிப்ரவரி 28 அன்று அப்படித்தான் விழுந்தது. மொத்தம் 77 கிலோவுக்கு மேல். விண்கல் பட்டியல்களில் ‘பார்னல்லீ’ என்று பதிவானது. பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 

அதை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டை உருண்டையாகத் தெரியும். கேழ்வரகு அளவும் அதற்குச் சின்னதுமான கல்மணிகள். இவற்றுக்குக் காண்டிரூல் என்று பெயர். சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டாகச் சுழன்ற காலத்தில், 456 கோடி ஆண்டு வாக்கில், தூசிக்கட்டிகள் திடீரென உருகிச் சில மணி நேரத்திலேயே உறைந்த துளிகள் அவை. எது அவற்றை உருக்கியது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் வழக்கு ஓயவில்லை. அதிர்வலை என்கிறார்கள் சிலர், குறுங்கோள்களின் மோதல் என்கிறார்கள் வேறு சிலர்.

பார்னல்லீக்கு ஒரு தனிச் சிறப்பு. அது எல்எல்3 வகை. இரும்பும் உலோகமும் குறைந்த குடும்பத்துக்கு எல்எல் என்று பெயர். 3 என்ற எண், அது உடைந்து வந்த தாய்க்குறுங்கோளுக்குள் அதிகம் வேகவில்லை என்பதைச் சொல்கிறது. அந்தக் குறுங்கோளை உள்ளிருந்து சூடேற்றியது அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு. சுமார் 7 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக் குறைந்துகொண்டே போகும் அணு அது. நடுவில் இருந்த கல் வெந்து, மணிகளின் விளிம்பு கலைந்து, 6 என்ற எண்ணைப் பெறும். மேற்புறத்தில் இருந்தது தப்பித்துக்கொள்ளும். பெருநாழிக் கல் தப்பித்தது. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தது, அதே குடும்பம்தான், ஆனால் நன்றாக வெந்த எல்எல்6. இரண்டும் தமிழ்நாட்டிலேயே விழுந்திருக்கின்றன.

ஜப்பானின் ஹயபூசா விண்கலம் இடோகாவா என்ற குறுங்கோளைத் தொட்டு, 2010-இல் அதன் தூசியோடு திரும்பியது. அந்தத் தூசியைச் சோதித்தபோது எல்எல் குடும்பத்தோடு பொருந்தியது. வானத்தில் புள்ளியாகத் தெரியும் ஒன்றையும் நம் மண்ணில் விழுந்த கல்லையும் ஒரே இனம் என்று ஆய்வகத்தில் வைத்துச் சொல்ல முடிந்தது அப்போதுதான்.

சரி, உவரி மணலில் விண்துகளே இல்லையா? இருக்கும். அண்டார்க்டிகாவின் கான்கார்டியா நிலையம் அருகே பனியை உருக்கிச் சலித்த ஒரு பிரெஞ்சுக் குழு, ஆண்டுக்கு சுமார் 5,200 டன் விண்துகள் தரைக்கு வருவதாக 2021-இல் கணக்குச் சொன்னது. பூமி முழுக்கப் பங்கிட்டால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்குப் பத்து கிராம். அலை ஒவ்வொரு பருவத்திலும் மலைமலையாக மணலைப் புரட்டும் கரையில் அதைத் தேடிப் பிரிப்பது எப்படி? போதாததற்கு உப்புக்காற்று. வள்ளத்தில் அடித்த இரும்பாணியை உவரிக் காற்று என்ன பாடுபடுத்தும் என்று மீனவர்களுக்குத் தெரியும். விண்ணிலிருந்து வந்த இரும்புக்கும் அதே கதிதான். ஊருக்குப் பின்னால் கிடக்கும் தேரிக்காட்டின் சிவப்பே, மணலுக்குள் இருந்த இரும்புக் கனிமங்கள் துருவாகி ஒவ்வொரு மணல்துகளிலும் பூசிக்கொண்ட நிறம்.

ஆகவே, குப்பை சேராத இடத்தில் தேட வேண்டும். கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் எம். ஷ்யாம் பிரசாத், என். ஜி. ருத்ரசாமி குழுவினர் கன்னியாகுமரிக்குத் தெற்கே வெகுதொலைவில், மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் தேடினார்கள். ஐந்து கிலோமீட்டர் ஆழம். ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் சேறுதான் படிகிறது. அந்தச் சேற்றைக் கழுவிக் காந்தத்தால் பிரித்து, நிக்கல் கலந்த நுண்மணிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அதே படுகையில் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. சுமார் 7.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தென்கிழக்கு ஆசியப் பக்கம் பெருங்கல் ஒன்று மோதியபோது, உருகித் தெறித்த பூமி மண் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே விழுந்ததன் மிச்சம்.

கல் நம் கண்முன்னே விழுந்தால் நிலைமை வேறு. மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கறுப்புத் தோல், உடைந்த இடத்தில் சாம்பல் நிறம் இருந்தால் அதைக் கழுவக் கூடாது. காந்தத்தையும் கொண்டுபோகக் கூடாது. கல்லுக்குள் காலங்காலமாகப் பதிந்திருக்கும் காந்த நினைவை அது ஒரே நொடியில் அழித்துவிடும். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்கலாம். அடுத்த மழைக்கு முன் அதைச் செய்ய வேண்டும்.