மேட்டூரில் ஓர் அடி நீர்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் செய்தித்தாள்களில் தவறாது இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்பதே அது. இவ்வெண்களைப் படிப்போர் பலர். பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இயற்பியல் பயில்பவன் என்ற முறையில், அவற்றுள் அடங்கிய கணக்கைக் கூற விழைகிறேன்.

1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. அப்படியானால் 60 அடி நீர் நின்றால் பாதி இருப்பு உண்டு என்றுதானே தோன்றும்? இல்லை. ஏறத்தாழ 25 டி.எம்.சி.தான் இருக்கும், கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவே. நீர்த்தேக்கம் என்பது நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போன்றதன்று. அது ஒரு பள்ளத்தாக்கு. அடியில் குறுகி, மேலே செல்லச் செல்ல அகன்றிருக்கும். எனவே மேலே உள்ள ஓர் அடி, கீழே உள்ள ஓர் அடியைப் போல் பன்மடங்கு நீரைக் கொள்ளும். 100 அடிக்கும் 120 அடிக்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 28 டி.எம்.சி. அடங்குகிறது! அடிக்கணக்கை விட டி.எம்.சி. கணக்கையே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் கருத்து.

இனிச் செலவைப் பார்ப்போம். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுதும் திறந்துவிட்டால் 1 டி.எம்.சி. தீரும். 12,000 கனஅடி வீதம் திறந்தால், வரத்து இல்லாதபோது, நிரம்பிய அணையும் 90 நாட்களில் வற்றிவிடும். ஆனால் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும் வரை 230 நாட்கள்! மீதி நாட்களுக்குக் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையையும், கர்நாடக அணைகளைக் கடந்து வரும் நீரையும், பின்னர் காவிரிப் பாசனப் பகுதியிலேயே பெய்யும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியிருக்கிறோம்.

திறக்கும் நாளைக் குறிப்பது எத்துணைக் கடினம் என்பது இதனால் விளங்கும். இருப்புக் குறைவாக இருக்கையில் திறந்து, இடையில் நீர் அற்றுப்போனால் பயிர் கருகும். தாமதித்தாலோ குறுவைக்குப் பருவம் தவறிவிடும். 2022-இல் மே 24 அன்றே அணை திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் 40 அடியை ஒட்டி நின்ற நீர், அதே மாதம் 30-ஆம் நாள் 120 அடியை எட்டியது. இதை ஜூன் மாதத்தில் யாரால் உறுதியாகக் கூறியிருக்க இயலும்?

மேட்டூரில் மின்சாரம் பாசனத்திற்குத் துணைவன்தான், தலைவன் அல்லன். வயலுக்குச் செல்லும் நீரே முதலில் டர்பைன்களைச் சுழற்றிவிட்டு, ஒரு சொட்டும் குறையாமல் ஆற்றில் சேர்கிறது. அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட் தரவல்லவை. விநாடிக்கு ஒரு கனஅடி நீர் 100 அடி உயரத்திலிருந்து இறங்கினால், இயந்திர இழப்புகள் போக ஏறத்தாழ 7 கிலோவாட் கிடைக்கும். 50 அடியிலிருந்து இறங்கினால் அதில் பாதிதான். ஆகவே நீர்மட்டம் தாழத் தாழ, அதே அளவு நீரைத் திறந்தாலும் மின்சாரம் குறைந்துகொண்டே வரும். உழவருக்கு டி.எம்.சி. கணக்கு வேண்டும், மின்பொறியாளருக்கு அடிக்கணக்கும் வேண்டும்.

அணை நிரம்பிய பிறகு கதை வேறு. வருவதை எல்லாம் வெளியேற்றியாக வேண்டும். மின்நிலையங்கள் வழியே விநாடிக்கு 20,000 கனஅடிக்குச் சற்று மேல்தான் செல்லும். ஒரு லட்சம் கனஅடி வரும் நாளில் எஞ்சியது 16 கண் மதகு வழியே பாயும். மக்கள் திரண்டு கண்டு மகிழும் அந்த வெண்ணுரைக் காட்சியில் ஒரு யூனிட் மின்சாரமும் இல்லை! கரையோர ஊர்களுக்கு முன்னதாகவே எச்சரிக்கை விடுத்து, மதகுகளைச் சிறிது சிறிதாக உயர்த்துவர்.

பாசனத்திற்கு அணை மூடப்பட்ட பின்னும் ஆற்றோர ஊர்களின் குடிநீருக்காகச் சிறிதளவு நீர் விடப்பட்டு வரும். அடுத்த ஜூன் 12-க்கான இருப்பிலிருந்துதான் அதுவும் கழிகிறது.