பிரிண்டரின் 11 மாத ஒப்பந்தம்

வைஃபை பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால் பெரும்பாலும் பிரிண்டரில் பழுது இருக்காது. மை இருக்கும், தாள் இருக்கும், விளக்கும் எரியும். நேற்றிரவு வரை அதனுடன் பேசிக்கொண்டிருந்த மடிக்கணினிக்குத்தான் இன்று காலை ஆளை அடையாளம் தெரியாது. காரணம், பிரிண்டர் வீடு மாறியிருக்கிறது.

வீட்டு ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பதுபோல ஓர் எண்ணைத் தருகிறது. அதைச் சொந்தமாக எழுதிக் கொடுப்பதில்லை, வாடகைக்கு விடுகிறது. எண்களை வழங்கும் டிஎச்சிபி என்ற நெறிமுறையே இதைக் குத்தகை என்றுதான் குறிப்பிடுகிறது. மும்பையின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ 11 மாத லீவ் அண்ட் லைசன்ஸ் ஒப்பந்தத்தில் குடியிருந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

இங்கே ஒப்பந்தக் காலம் பல ரவுட்டர்களில் வெறும் 24 மணி நேரம். குடித்தனக்காரர் கடைசி நாள்வரை காத்திருப்பதில்லை. பாதிக் காலம், அதாவது 12 மணி நேரம் கழிந்ததும், வீட்டுக்காரரிடம் தனியாகப் போய் நீட்டிப்புக் கேட்பார். பதில் வராவிட்டால் எட்டில் ஏழு பங்கு முடியும் 21ஆவது மணியில் தெருவில் நின்று, எந்த வீட்டுக்காரராவது நீட்டித்துத் தாருங்கள் என்று கூவுவார். அதற்கும் பதில் இல்லையென்றால் 24ஆவது மணியில் காலி செய்துவிடுவார். டெபாசிட் கிடையாது, புரோக்கர் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. மும்பையில் காணக் கிடைக்காத ஒழுங்கு இது.

சிக்கல் வீட்டுக்காரரின் மறதியில் இருக்கிறது. மலிவான ரவுட்டர்கள் பலவும் வாடகைப் பதிவேட்டைத் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். இரவில் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்கினால் ஏடு வெற்றாகிவிடும். காலையில் முதலில் வந்து நிற்பவர்களுக்கு எண்கள் போகும். ஐந்தாம் எண் டிவிக்குப் போய்விட, தாமதமாக விழித்த பிரிண்டர் ஒன்பதாம் எண்ணில் குடியேறுகிறது. கம்ப்யூட்டரின் துண்டுச்சீட்டிலோ இன்னும் ஐந்துதான். அது போய்க் கதவைத் தட்ட, திறப்பது டிவி. டிவிக்கு அச்சு வேலையின் பாஷை தெரியாது. உடனே ‘ஆஃப்லைன்’ என்று தீர்ப்பு.

வரலாறு வேண்டுவோருக்கு: 1985இல் பூட்பி என்ற முன்னோடி வந்தது, 1993இல் டிஎச்சிபி. எண்ணை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடும் எம்டிஎன்எஸ் முறை 2013இல் நெறிமுறையாகப் பதிவானது. அதை நம்பித்தான் பிரிண்டர் பெட்டியின் மேல் ‘தானாக இணையும்’ என்று அச்சடிக்கிறார்கள். பிரிண்டர் விருந்தினர் வைஃபையிலும் கம்ப்யூட்டர் வீட்டு வைஃபையிலும் இருந்தால் அந்தக் கூப்பாடு சுவரைத் தாண்டாது. அலுவலக மடிக்கணினியில் விபிஎன் ஓடினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

சரிசெய்யப் புதுப் பிரிண்டர் வேண்டாம். பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, அதிலுள்ள எண்ணையும் கம்ப்யூட்டரில் பிரிண்டர் போர்ட் என்ற இடத்திலுள்ள எண்ணையும் ஒப்பிட்டாலே குட்டு வெளிப்படும். அதே தாளில் மேக் முகவரி என்ற 12 இலக்க அடையாளம் இருக்கும். ரவுட்டர் அமைப்பில் அதற்கென ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டு, போர்ட்டிலும் அந்த எண்ணையே எழுத வேண்டும். இந்த ஒதுக்கீடு ரவுட்டரின் நிரந்தர அமைப்பில் பதிவாவதால் இரவில் அணைத்தாலும் அழியாது. ஏறக்குறைய மும்பையின் ‘பகடி’ முறை வீடு மாதிரி: வாடகைதான், ஆனால் யாரும் எளிதில் கிளப்ப முடியாது.

எண்கள் ஒத்துப்போயும் அச்சு வரவில்லையென்றால் காற்றைச் சந்தேகிக்கலாம். வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் வைஃபை பெயரை அவை பார்க்கவே பார்க்காது. இந்தியாவில் 2005இல் உரிமம் தேவையற்றதாக்கப்பட்ட அந்த 2.4 அலைவரிசையில், ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். தாராவியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் அத்தனையும் இந்த மூன்றில்தான் நெரிய வேண்டும். ரவுட்டர் கீழேயும் பிரிண்டர் இரும்பு ஏணி ஏறும் மேலறையிலும் இருந்து, நடுவில் தகரத் தளம் இருந்தால், அலை அதில் பட்டுத் திரும்பும். ஏணிக்கான திறப்பு வழியே கசிவதுதான் மேலே போகும். எட்டு ஆன்டெனா முளைத்த விலையுயர்ந்த ரவுட்டரும் தகரத்தைத் துளைக்காது. ரவுட்டரை அந்தத் திறப்புக்கு நேர்கீழே நகர்த்தி வைக்கச் செலவில்லை.