பேட்டரி வண்டியா, பெட்ரோல் வண்டியா... எது பற்றும், எங்கே பற்றும்?

‘பழைய காரைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று இருக்கிறோம். நின்ற இடத்திலேயே தீப்பிடித்து எரிகிறது என்று பையன் செல்போனில் வீடியோ காட்டுகிறான். வாங்கலாமா, வேண்டாமா?’

உரம், பூச்சி, மண் பரிசோதனை பற்றிய கேள்விகளுக்கு நடுவே இப்போது இப்படிப்பட்ட கேள்விகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. கிராமங்களில் பேட்டரி ஸ்கூட்டர் சர்வசாதாரணமாகிவிட்டது. காரும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. கேள்வியில் இருக்கும் பயம் நியாயமானதுதான். ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில்தான் பலருக்கும் குழப்பம் இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. சுவீடன் நாட்டில் பேட்டரி கார்கள் ஏராளம். அந்த நாட்டின் பேரிடர் தடுப்புத் துறை 2022-ம் ஆண்டுக்கு எடுத்த கணக்குப்படி, ஒரு லட்சம் மின்கார் மற்றும் ஹைபிரிட் கார்களுக்கு 3.8 தீ விபத்துகள்தான் நடந்தன. எல்லா எரிபொருள் கார்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு 68. வேண்டுமென்றே கொளுத்தப்பட்ட கார்களும் இந்த 68-க்குள் வருகின்றன. மின்கார்கள் பெரும்பாலும் புது வண்டிகள், பெட்ரோல் கார்களில் பழசும் பட்டையும் கலந்திருக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதையெல்லாம் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரிது. அடிக்கடி எரிவது பெட்ரோல், டீசல் வண்டிதான். பெட்ரோல் கார் எரிந்தால் யாரும் வீடியோ எடுத்துப் பரப்புவதில்லை. அது பழகிப்போன செய்தி.

இங்கிலாந்தில் லூட்டன் விமான நிலையத்தின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் 2023 அக்டோபரில் பெரிய தீ விபத்து நடந்தது. 1,400-க்கும் மேற்பட்ட வாகனங்கள் நாசமாயின. தீ அணைவதற்கு முன்பே, மின்காரால் வந்த வினை என்று செய்தி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. தீ தொடங்கியது ஒரு டீசல் காரில் என்று தீயணைப்புத் துறையினர் சொன்னார்கள். அந்தச் செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை.

அதற்காகப் பேட்டரி வண்டியில் ஆபத்தே இல்லை என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் 2024 ஆகஸ்ட் மாதம், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் இரண்டு நாளுக்கு மேல் சும்மா நின்றிருந்த மின்கார் தானாகப் பற்றிக்கொண்டது. சார்ஜில்கூடப் போடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் சேதமாயின. புகையை சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அமெரிக்காவில் செவர்லே போல்ட் கார்களில் பேட்டரிக் குறை கண்டுபிடிக்கப்பட்டபோது, சுமார் 1,42,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. குறை சரிசெய்யும்வரை வீட்டை விட்டுத் தள்ளி வெளியே நிறுத்துங்கள், இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள் என்று நிறுவனமே உரிமையாளர்களிடம் சொன்னது.

ஈர வைக்கோல் போர் மாதிரி

இரண்டு தீயும் பிறக்கும் விதமே வேறு. பெட்ரோல், உறைபனிக் குளிரிலும் ஆவியாகும். அந்த ஆவிதான் பற்றுகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து போகும். ஓட்டை விழுந்த குழாய், கசியும் மூடி, பக்கத்தில் ஒரு பொறி என்று எல்லாம் ஒன்றுசேர வேண்டும். அதனால் பெட்ரோல் வண்டி பெரும்பாலும் ஓடும்போதோ, ஓடி நின்ற சூட்டிலோ, மோதலிலோதான் எரிகிறது.

பேட்டரி அப்படியல்ல. ஒரு காரின் பேட்டரிப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான சிறு செல்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது காகிதம் போன்ற மெல்லிய தடுப்பு. தயாரிப்புக் குறையாலோ, அடிபட்டோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறியோ அந்தத் தடுப்பு கெட்டால் செல் உள்ளுக்குள்ளேயே சூடாகும். அந்தச் சூடு பக்கத்து செல்லையும் கெடுக்கும். பிறகு அதற்கு அடுத்தது.

விவசாயிகளுக்கு இது புதிதல்ல. ஈரம் காயாத வைக்கோலை அவசரமாகப் போர் போட்டால், சில நாளில் உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி, கடைசியில் புகைய ஆரம்பிக்கும். யாரும் நெருப்பு வைத்திருக்க மாட்டார்கள். மேலே தண்ணீர் ஊற்றினால் மேல்பக்கம் அணையும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பேட்டரித் தீயின் குணமும் இதுதான். அணைந்துவிட்டது என்று நினைத்த வண்டி சில மணி நேரம் கழித்து, சில நாள் கழித்துக்கூட மறுபடி பற்றும். வைக்கோல் போரையாவது பிரித்துப் போடலாம். பேட்டரிப் பெட்டியைப் பிரிக்க முடியாது.

பேட்டரியிலும் வகை உண்டு. எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகை அதிக வெப்பம் தாங்கும், எளிதில் கட்டுமீறாது. டாடா நெக்ஸான், டியாகோ மின்கார்களில் இந்த வகைதான். எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் ஸ்கூட்டர்கள் பலவற்றில் நிக்கல் சேர்ந்த என்.எம்.சி. வகை வருகிறது. அது சற்று முன்கோபக்காரப் பேட்டரி. வாங்கப் போகும்போது மைலேஜ் கேட்பதுபோல இதையும் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்த தீ

2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி ஸ்கூட்டர் தீப்பற்றியது. வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த தந்தையும் பள்ளி செல்லும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அடுத்த மாதமே தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், கழற்றிக்கொண்டு வந்து வீட்டுக்குள் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வெடித்து முதியவர் ஒருவர் இறந்தார். ஆந்திராவின் விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜில் இருந்த பேட்டரி ஓர் உயிரைப் பறித்தது. செப்டம்பரில் செகந்திராபாத்தில் பேட்டரி ஸ்கூட்டர் கடையில் பிடித்த தீயின் புகை, மேலே இருந்த தங்கும் விடுதிக்கு ஏறி 8 பேர் இறந்தார்கள்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். நான்கிலும் ஆட்கள் வண்டியில் போய்க்கொண்டிருக்கவில்லை. வீட்டிலோ அறையிலோ இருந்தார்கள். வேலூரிலும் செகந்திராபாத்திலும் கொன்றது புகை. பெட்ரோல் வண்டி பற்றினால் பெரும்பாலும் இறங்கி ஓட வழி உண்டு. பேட்டரி வண்டி அபூர்வமாகத்தான் பற்றுகிறது, ஆனால் பற்றும்போது நாம் தூங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எனவே எந்த வண்டி வாங்குவது என்பதைவிட, அதை ராத்திரி எங்கே நிறுத்திச் சார்ஜ் போடுவது என்பதுதான் கிராமத்துக் குடும்பம் தீர யோசிக்க வேண்டிய கேள்வி.

அந்த விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து விதிகளை இறுக்கியது. ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரத்தின் திருத்தங்கள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. ஒரு செல் கட்டுமீறினால் மற்றவற்றுக்குப் பரவாமல் தடுப்பது, தண்ணீர் புகாத பெட்டி, சூடேறினால் ஓட்டுபவருக்கு எச்சரிக்கை என்று பலவும் அதில் கட்டாயம். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் பார்ப்பவர்கள், 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி என்றால் இரண்டு முறை யோசிப்பது நல்லது. உள்ளூர் பட்டறையில் செல்களைக் கோத்துக் கட்டித் தரும் பேட்டரியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

பிளக்கும் ஒயரும்

வீட்டுச் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் காருக்குச் சார்ஜ் போடும்போது சுமார் 14 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. கிரைண்டர் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும். மிக்ஸி ஐந்து நிமிடம். கார் எட்டு மணி, பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். இருபது வருடத்துக்கு முன் போட்ட மெல்லிய ஒயரும், தளர்ந்துபோன பிளக் பாயின்ட்டும் அதைத் தாங்காது. அப்படிப் பற்றும் தீயில் காருக்குப் பங்கே இல்லை, ஆனால் பழி அதன் மேல்தான் விழும். காருக்கென்று மெயினிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த் ஆகியவை வேண்டும். இந்தச் செலவைக் காரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

மோட்டார் கொட்டகையில் இலவச மின்சாரம் இருக்கிறதே, அங்கேயே போட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். விவசாய இணைப்பை வேறு உபயோகத்துக்கு எடுப்பது விதிமீறல். பிடிபட்டால் அபராதம் வரும், இணைப்புக்கும் ஆபத்து. அதோடு ஏற்ற இறக்கமான அந்த மின்சாரம் சார்ஜருக்கு ஆகாது.

நிறுத்தும் இடத்துக்கு வருவோம். கிராமத்து வீடுகளில் வண்டி நிற்பது பெரும்பாலும் திண்ணையோரம், வாசல் நடை, இல்லாவிட்டால் மாட்டுத் தொழுவம். மூன்றுமே சார்ஜ் போடும் இடங்கள் அல்ல. வாசல் நடையில் பற்றினால் வெளியே வரும் ஒரே வழி அடைபடும். தொழுவத்தில் ஓலைக் கூரையும் வைக்கோலும் இருக்கும், கட்டிப்போட்ட மாடு ஓடவும் முடியாது. வீட்டுச் சுவரிலிருந்து நாலு அடி தள்ளி, காற்றோட்டமாக, சிமென்ட் ஷீட்டோ தகரமோ வேய்ந்த சிறு கொட்டகை போட்டுக்கொண்டால் நல்லது. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சொருகாமல் அரை மணி, முக்கால் மணி ஆற விட வேண்டும். சாயங்காலம் சொருகிப் படுக்கும் முன் எடுத்துவிட முடிந்தால் இன்னும் உத்தமம்.

பேட்டரி தெளிப்பானுக்கும் இதே விதிதான். ஈய அமில பேட்டரிக்கான சார்ஜரை லித்தியம் பேட்டரியில் சொருகுவது, கட்டில் அடியில் வைத்துச் சார்ஜ் போடுவது இரண்டும் இன்றே நிறுத்த வேண்டிய பழக்கங்கள்.

பெட்ரோல் பக்கம் நாம் மறந்தவை

பேட்டரியைப் பார்த்துப் பயப்படும் அதே வீட்டில், விசைத்தெளிப்பானுக்கும் களை வெட்டும் கருவிக்கும் வாங்கிய பெட்ரோல், தண்ணீர் பாட்டிலில் சமையலறைப் பக்கம் நிற்கும். ஆபத்தில் அது எந்த ஸ்கூட்டருக்கும் குறைந்ததல்ல. அடுத்தது சாலைக் களம். கொள்ளு, உளுந்து, சோளத்தட்டு என்று தார் ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வண்டிகள் மிதித்துத் தரட்டும் என்று விடுவது பல ஊர்களில் வழக்கம். அந்தச் செடி காரின் அடியில் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் சைலன்சர் குழாயில் பட்டுப் பற்றி, கார் முழுசாக எரிந்த சம்பவங்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகாவிலும் நடந்திருக்கின்றன. அறுவடை முடிந்த காய்ந்த தாளின் மேல் பெட்ரோல், டீசல் வண்டியை ஓட்டி வந்த சூட்டோடு நிறுத்துவதும் இதே வகைதான். மின்காரில் சைலன்சர் இல்லை என்பதால் இந்த ஒரு ஆபத்து அதற்குக் குறைவு.

பற்றிவிட்டால்

இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். பெட்ரோல் தீயில் குடத்துத் தண்ணீரை வீசினால், எரியும் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும். அதற்கு மணல், உலர் தூள் தீயணைப்பான், நுரை. பேட்டரித் தீக்கு மணல் போட்டால் வெளிச்சுவாலை அடங்கியதுபோல் தெரியும், உள்ளே சூடு தணியாது. அதற்குத் தண்ணீர்தான், அதுவும் குடம் குடமாக அல்ல. டெஸ்லா நிறுவனம் தன் கார் ஒன்றுக்குத் தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லும் அளவு 11,000 முதல் 30,000 லிட்டர். நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில் இரண்டரை லாரி. வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலை அல்ல இது. பேட்டரியிலிருந்து வெள்ளைப் புகை, சீறும் சத்தம், பழக்கமில்லாத நெடி ஏதாவது வந்தால், எட்ட இருக்கிற மெயினை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டி வந்து 101-ஐ அழைக்க வேண்டும். வண்டியைக் காப்பாற்றப் போகக் கூடாது. அந்தப் புகை விஷம்.

கடலோர மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. அமெரிக்காவின் புளோரிடாவில் 2022-ல் இயன் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, வெள்ளம் வடிந்த பிறகு பற்றி எரிந்தன. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதும் உள்ளே அரிப்பதுமே காரணம். நாகை, கடலூர்ப் பக்கம் புயல் அலையில் மூழ்கிய பேட்டரி வண்டியை ‘காய்ந்துவிட்டதே’ என்று சார்ஜில் போட வேண்டாம். வீட்டிலிருந்து 50 அடி தள்ளி வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, கம்பெனி மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். செலவு மிச்சம் என்று மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு, சொந்த வண்டி எரிந்தால் ஒரு பைசாகூட வராது. பெட்ரோலோ பேட்டரியோ, தீக்கு இழப்பீடு வேண்டுமானால் சொந்தச் சேதத்துக்கான பாலிசியும் சேர்ந்திருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் ஓடும் 25 கிலோமீட்டர் வேக ஸ்கூட்டர்களுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை என்பதால், அவற்றில் பலவற்றுக்கு எந்த பாலிசியும் இருக்காது. அந்த ரக வண்டி வைத்திருப்பவர்கள், வீட்டுக்காவது தீ காப்பீடு எடுக்க முடியுமா என்று தங்கள் வங்கியில் கேட்டுப் பார்க்கலாம்.