மீன் தொட்டிக்குள் ஓர் உப்பளம்!

குழந்தைகளே! ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். உடனே பதில் சொல்லிவிடாமல் கொஞ்சம் யோசியுங்கள்.

உங்கள் வீட்டில் ஒரு சிறிய கண்ணாடித் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒன்று அதில் நீந்துகிறது. (ஆமாம், சினிமாவில் பார்த்த 'நிமோ'வேதான்!) கடல் மீன் என்பதால் தொட்டியில் இருப்பதும் உப்புத் தண்ணீர். ஒரு வாரத்தில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. தொட்டியில் ஒழுகல் இல்லை; எல்லாம் ஆவியாகிப் போனதுதான். இப்போது எதை ஊற்றி நிரப்புவீர்கள்? உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா?

"கடல் மீனுக்கு உப்புத் தண்ணீர்தானே சார்!" வகுப்பில் இதைக் கேட்டபோதெல்லாம் முதலில் வந்த பதில் இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அப்படிச் செய்துகொண்டே போனால் பாவம், மீன் செத்துப் போகும்!

தூத்துக்குடிப் பக்கம் போனவர்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்திகளில் உப்பு நீரைத் தேக்கி வைக்கிறார்கள். வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது. உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் தொட்டியிலும் நடப்பது அதேதான். அங்கே வெயில், இங்கே விளக்கின் சூடும் மின்விசிறிக் காற்றும்.

நோட்டை எடுங்கள், கணக்குப் போடுவோம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். 20 லிட்டர் தொட்டியில் 700 கிராம். வாரம் 2 லிட்டர் ஆவியானால் மீதி 18 லிட்டர். உப்போ அதே 700 கிராம்! லிட்டருக்கு 39 கிராம் ஆகிவிட்டது. இதில் 2 லிட்டர் உப்பு நீரை ஊற்றினால் இன்னும் 70 கிராம் உப்பு சேரும். இப்படியே 4 வாரம் ஊற்றினால்? மொத்தம் 980 கிராம். அதாவது, லிட்டருக்கு 49 கிராம்! கோமாளி மீன் வாழும் கடலில் இவ்வளவு கரிப்பு கிடையாது.

200 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் குறைந்தால் இத்தனை மாற்றம் வராது. தொட்டி சிறியதாக இருந்தால்தான் ஆபத்து அதிகம்.

கரிப்பு கூடினால் மீனுக்கு என்ன வந்தது? அதன் உடம்பு நீரில் உள்ள உப்பு, கடல் நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் தண்ணீர் விடுகிறதல்லவா? அதுபோல, சுற்றியுள்ள உப்பு நீர் மீனின் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடிக்கிறது. அதிலுள்ள உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. ஓயாத வேலை! கரிப்பு ஏற ஏற, பளுவும் ஏறும். இறால், கடற்சாமந்தி போன்றவை மீனுக்கும் முன்னால் வாடிவிடும்.

ஆகவே, ஆவியான நீருக்கு ஈடு உப்பில்லாத நீர்தான். குழாய் நீரில் குளோரின் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புகளும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். காய்ச்சி வடித்த நீர் அல்லது ஆர்.ஓ. நீர் நல்லது.

தண்ணீர் சரியாக நிரம்பியிருக்கும்போது, கண்ணாடியின் வெளிப்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தினமும் குறைந்த அளவை மட்டும் மெல்ல ஊற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை விட்டுவிட்டு மொத்தமாகக் கவிழ்க்க வேண்டாம். கரிப்பு திடீரென்று இறங்குவதும் மீனுக்குக் கெடுதல்தான்.

அழுக்கு நீரை மொண்டு வெளியே ஊற்றினால்? அது வேறு கதை. நீரோடு உப்பும் போய்விடுகிறது அல்லவா? அப்போது உப்பு நீர்தான் ஊற்ற வேண்டும். அதற்குக் கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவை வேண்டும். கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம் எல்லாம் உண்டே! அம்மாவின் உப்பு ஜாடியில் கை வைக்காதீர்கள்.

நம்பிக்கை வரவில்லையா? அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் உப்பைக் கரைத்துச் சுவைத்துப் பாருங்கள். அதை ஒரு தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, மொட்டை மாடியில் வையுங்கள். முழுதும் காய்ந்தபின் அதே தட்டில் அரை டம்ளர் குடிநீர் ஊற்றிக் கலக்கிச் சுவையுங்கள். முதலில் இருந்த அதே கரிப்பு! காக்கை தட்டைக் கவிழ்க்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.